பிழைப் பக்கத்துக்கு ஒரு வாசகம்

மண்டபம் வடக்குத் துறையில்
ஐஸ் கம்பெனிக்கு மேலே எங்கள் அறை.
கீழே கட்டி உடைபடும்போதெல்லாம்
என் திரை ஒருமுறை நடுங்கும்.

படகுச் சங்கத்துக்கு எழுதிக்கொடுத்தது சின்ன நிரல்.
எண்ணைத் தட்டினால்
டோக்கன் வாங்கிய நேரம், கரை சேர்ந்த நேரம்,
இரண்டே வரி.
எண் தப்பானால் நானூற்று நான்கு.
அதை அப்படியே காட்டினால் முரட்டுத்தனமாக இருக்குமென்று
கண்ணை உருட்டும் நண்டு ஒன்றைப் போட்டு
அடியில் எழுதினேன்:
"நீங்கள் தேடிய படகைக் காணவில்லை."
எனக்கு ஊர் மானாமதுரை.
கடல், வேலை கிடைத்த இடம்.

புதன் இரவு இரண்டே கால்.
மாடிப்படியில் செருப்பில்லாத காலடி.
செபத்தியாள்.
போனின் வெளிச்சம் அணையாதபடி
விரலால் தொட்டுத் தொட்டு வைத்திருந்தாள்.
அழவில்லை. நண்டைக் காட்டிக் கேட்டாள்:
"எப்பலேர்ந்து காணலை?"

எனக்கு விளங்க அரை நிமிஷம் ஆனது.
அறுநூற்றுப் பதினேழுக்குப் பின்னால்
ஓர் இடைவெளி.
அவ்வளவுதான்.
அதை நறுக்கித் தள்ளும் ஒற்றைச் சொல்லை
நான் எழுத மறந்திருந்தேன்.
நீக்கிவிட்டுத் தட்டினேன்.
கரை சேர்ந்த நேரம் ஒன்று ஐம்பது,
பாம்பன் தெற்குவாடி.
புருஷன் அந்நேரம் கணவாயை எடைபோட்டுக்கொண்டிருந்திருப்பான்,
போனில் சார்ஜ் இல்லாமல்.

படியிறங்கும்போது சொன்னாள்:
"அந்த நண்டை எடுத்திருங்க தம்பி."

விடியும்வரை பதிவேட்டைப் படித்தேன்.
ஒரே போன், முப்பத்தொரு முறை.
ஒவ்வொரு முறையும் முந்நூற்று இரண்டு, உடனே இருநூறு.
இருநூறு என்றால்
கேட்டது கொடுக்கப்பட்டது, எல்லாம் நலம்.
ஹமீது நைனா போன மாசம்
பிழைப் பக்கத்தின் முகவரியை ஊர் பேரோடு முழுசாக எழுதிவிட்டான்.
சர்வர் அதை வேறு வீடென்று நினைத்து
அவளை அங்கே அனுப்பியது.
அங்கே நண்டு நலமாகக் கிடைத்தது.
நலம் என்று குறித்துக்கொண்டது.
எந்த மணியும் அடிக்கவில்லை.
பச்சை விளக்கு எரிந்தபடியே.

நைனாவைத் திட்ட வாயெடுத்தேன்.
வாசகம் என்னுடையது.

காலையில் இருவரும்
சொற்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தோம்.
'தடை' வேண்டாம், ஏப்ரல் பதினைந்து ஞாபகம் வரும்.
'அனுமதி இல்லை', டோக்கன் கொடுக்காத நாளின் சொல்.
'மூழ்கியது' என்று எவன் எழுதுவான் என்றான் நைனா.
ஐந்நூறுக்கு அப்படித்தான் எழுதியிருந்தேன்,
மார்ச்சில், விளையாட்டாக.

இப்போது இருப்பது:
"இந்த எண் எங்கள் பட்டியலில் இல்லை.
படகைப் பற்றி இதில் ஒரு தகவலும் கிடையாது.
எண்ணை மறுபடி பாருங்கள்.
சந்தேகம் என்றால் கீழே உள்ள நம்பருக்கு அடியுங்கள்,
இராத்திரியும் எடுப்போம்."
ஐந்நூறுக்கு: "தப்பு எங்களோடது."
படம் இல்லை.
வாசகம் எதுவானாலும்
தலையில் நானூற்று நான்கு என்றே போகிறது.
சிவப்பு விளக்கு எரிகிறது. எரியட்டும்.

நானூற்றுப் பத்து மட்டும் பாக்கி.
இருந்தது, இனி இல்லை, திரும்பத் தேடாதே
என்பதற்கான எண்.
அக்கரையில் கட்டிக் கிடக்கிற நாலு படகையும்
பட்டியலிலிருந்து எடுத்திரலாமா என்று
செயலாளர் ராயப்பு கேட்கிறார்.
ரெண்டு வருஷம் ஆச்சே தம்பி.

அந்த எண்களை இன்றைக்கும் யாரோ தட்டுகிறார்கள்.
பதிவேட்டில் நேரம் இருக்கிறது:
விடிகாலை நாலரை. நாலே முக்கால்.

ஐந்நூற்று மூன்று வைத்திருக்கிறேன்.
இப்போது இயலவில்லை, பிறகு வாருங்கள்.
எத்தனை நொடி கழித்து என்று
ஓர் எண் கேட்கிறது அந்த வரி.
மூவாயிரத்து அறுநூறு என்று போட்டேன்.
ஒரு மணி நேரம் கழிந்ததும்
அதையே மறுபடி சொல்லும்.